புகையிரதம் போன பாதையில்

சைக்கிள் எங்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை என்று எல்லாவற்றுக்கும் அதில்தானே போய் வந்தோம்! ஆனால் காசு கொடுத்து, லீவெடுத்துச் சைக்கிள் ஓடுவார்கள் என்பதை அயர்லாந்துக்குப் பயிற்சியொன்றிற்காகப் போனபோதுதான் கண்டேன்.

பயிற்சி முடிந்ததும் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து மேற்குக் கரையிலுள்ள மேயோ மாவட்டத்துக்குப் புறப்பட்டோம். வெஸ்ட்போர்ட் நகரில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். அங்கிருந்து அக்கில் தீவின் வாசல்வரை ஏறத்தாழ 42 கிலோமீற்றர் பாதை. ஒரு காலத்தில் அது புகையிரதப் பாதை. 1937 இல் மூடப்பட்டு, நிலம் விவசாயிகளின் கைக்குப் போய்விட்டது. பின்னர் அவர்களின் சம்மதத்தோடு சைக்கிள் பாதையாக்கி 2011 இல் முழுமையாகத் திறந்தார்கள். புகையிரதத்துக்காக வெட்டிய பாதையாதலால் செங்குத்தான ஏற்றங்கள் இல்லை. எதிர்க்காற்றுத்தான் ஆளைக் கொன்றது. மழையோ, நனைத்து உலர்த்தி மீண்டும் நனைத்தது. முதுகில் நிறம் பூசிய செம்மறிகள் வழியை மறித்து நின்று எங்களை விநோதமாகப் பார்த்தன.

நியூபோர்ட்டில் ஏழு வளைவுகள் கொண்ட பழைய புகையிரதப் பாலத்தைக் கடந்தோம். அதற்கப்பால் கடலோரத்தில் கிரானியா என்ற கடல் தலைவியின் கோட்டை இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கப்பற்படை நடத்திய இவர், 1593 இல் இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தை நேரில் சந்தித்து, சிறைப்பட்ட மகனுக்காகப் பேசியவர். எங்கள் குழுவினர் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே கடைசி மேட்டை மிதித்தார்கள்.

மல்ரனியில் தேநீருக்கு நின்றோம். கடைக்கார அம்மா, நாங்கள் வந்த பாதையின் கதையைச் சொன்னார். அக்கில் தீவின் கற்பாங்கான நிலம் குடும்பங்களுக்குச் சோறு போடவில்லை. இளைஞரும் யுவதிகளும் ஆண்டுதோறும் ஸ்கொட்லாந்துக்கு உருளைக்கிழங்கு கிண்டப் போவார்கள். 1894 ஜூனில் அப்படிப் புறப்பட்டவர்களின் படகு வெஸ்ட்போர்ட் அருகே கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் இளம் பெண்கள். பாதை முறைப்படி திறக்கப்படுமுன்பே, அவர்களின் உடல்களைச் சுமந்துதான் முதல் புகையிரதம் ஊருக்கு வந்தது. 1937 செப்ரெம்பரில் ஸ்கொட்லாந்தின் கேர்க்கின்ரிலொக்கில் தொழிலாளர் தங்கிய கொட்டில் தீப்பற்றிப் பத்து ஆண்பிள்ளைகள் இறந்தார்கள். பாதை மூடப்படச் சில நாட்களே இருந்தன. அவர்களையும் அதே பாதைதான் கொண்டுவந்து சேர்த்தது.

என் கையிலிருந்த தேநீர் ஆறிவிட்டது. மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன பெண்ணொருத்தியின் பெட்டியைப் பொறுப்பேற்க, அவளின் தாயாரோடு கட்டுநாயக்காவில் ஓர் இரவு முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். பெட்டியை வாங்கக் கையெழுத்து வைக்கத் தெரியாமல் தாய் பெருவிரலை நீட்டியதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மற்றவர்கள் களைத்து மல்ரனியிலேயே தங்கிவிட, நாங்கள் மூவர் மட்டும் பாலம் கடந்து தீவுக்குள் போனோம். கடலோரம் கில்டவ்னெட் மயானம். 1937 இல் இறந்தவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களுள் மிக இளையவனுக்கு வயது 13. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போனோம். அன்று முதன்முறையாக மழை விட்டிருந்தது.