மழையிரவிற்கு ஏற்ற கைவிளக்கு

புளியந்தோப்பு தாழ்ந்த நிலம். ஓட்டேரி நல்லா ஒருபுறமும் பக்கிங்காம் கால்வாய் ஒருபுறமும் அதனைத் தழுவிச் செல்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஓரிரவு விடாது பெய்தால் நீர் தெருவில் நிற்கும். நீர் நின்றால் தெருவோர மின்பெட்டிகள் மூழ்கும். அவை மூழ்குமுன் மின்வாரியத்தார் மின்னோட்டத்தை நிறுத்திவிடுவர். உயிர்க்கேடு நேராதிருக்க அங்ஙனம் செய்வதே முறை. பேசின்பாலத்து மின்நிலையம் கூப்பிடு தொலைவில் நிற்க எம் வீடுகள் இருளிற் கிடத்தல் புதியோர்க்கு வியப்பாகலாம். எமக்கு அது பழகிய செய்தி. தமிழ் பயிலும் மாணவர்க்குக் கைவிளக்கின் ஆராய்ச்சி எதற்கு என்று வினவும் அன்பர்கள், ஒரு கார்த்திகைத் திங்களில் எம் தெருவில் வந்து தங்கிப் பார்ப்பாராக.

கைவிளக்கு வடசென்னைக்குப் புதிய பொருளன்று. திருவொற்றியூரில் எவரெடி நிறுவனத்தாரின் மின்கலத் தொழிற்சாலை சென்ற நூற்றாண்டில் நெடுங்காலம் நடைபெற்றது. இன்று அஃது இல்லை. 1996ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னி ஆலையில் எம் பாட்டனார் வேலை பார்த்தவர். இரவு முறை முடிந்து திரும்புகையில் அவர் கையிற் கொண்டிருந்த இரண்டு பெரிய பாட்டரி டார்ச் இன்றும் எம் பரணில் உள்ளது. அதன் அமைப்பு மிக எளிது. ஒன்றரை வோல்ட் கலம் இரண்டு, ஒரு பொத்தான், ஓர் இழைக்குமிழ் அவ்வளவே. இழை சூடேறச் சூடேற அதன் தடை மிகுந்து, மின்னோட்டம் தானே கட்டுப்படும். ஆதலின் அதற்குக் காவலன் ஒருவனும் வேண்டியதில்லை.

எல்.ஈ.டி. விளக்கின் இயல்பு இதனின் வேறானது. நீலவொளி தரும் எல்.ஈ.டி.யை ஆக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகமூரா என்னும் மூவர்க்கு 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அந்நீலவொளியின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சொன்று இட, வெள்ளொளி பிறக்கின்றது. அது சற்றேறக்குறைய மூன்று வோல்ட்டில் எரியும். வோல்ட் சிறிது கூடினாலோ மின்னோட்டம் பன்மடங்கு பெருகிச் சில்லைச் சுட்டுவிடும். முழுதும் ஏற்றிய லித்தியம் கலத்தில் 4.2 வோல்ட் உண்டு. ஆதலின் கலத்திற்கும் எல்.ஈ.டி.க்கும் இடையே மின்னோட்டத்தை அளந்து விடும் ஒரு சிறு பலகை வேண்டும். அதனைக் கடைக்காரர் டிரைவர் என்பர். வாங்குவோர் கண்ணிற் படாதது அது. ஆயின் விளக்கின் நன்மை தீமை பெரும்பாலும் அதனிடத்தே உள்ளது என்பது எமது துணிபு.

இத்துணிபு எமக்கு நூலினால் வந்ததன்று. 2023 டிசம்பர் 3, 4ஆம் நாட்களில் மிச்சாங் புயலின் மழை சென்னையை மூழ்குவித்தது. அன்று எம் வீட்டிலிருந்தது சந்தையில் எங்கும் கிடைக்கும் மின்னேற்று டார்ச். அவ்வகை விளக்குகளுட் பலவற்றில் உள்ளது நான்கு வோல்ட் ஈய அமிலக் கலம். அதனைச் சில திங்கள் வாளா வைத்தாலும் தகடுகளில் வெண்படிவு ஏறி, கொள்ளும் ஆற்றல் குன்றிவிடும். முதல்நாள் மாலை முழுதும் மின்னேற்றியிருந்தும் அன்று நள்ளிரவிற்குள் அது மங்கிற்று. கீழ்வீட்டில் முழங்காலளவு நீர் புகவே பாட்டியாரை மாடிக்கு அழைத்துச் சென்றோம். ஏழாம் படியிலோ எட்டாம் படியிலோ விளக்கு அவிந்தது. பாட்டியார் கைப்பிடியைத் தேடி, அது கிட்டாமல் சரிந்து வீழ்ந்தார்; இடக்கை மணிக்கட்டு முறிந்தது. நீர் வடிந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இரண்டு நாளாயிற்று. அவ்விரண்டு நாளும் அவர் ஒருமுறையேனும் எம்மைக் கடிந்தாரில்லை. நான்காம் நாள் மாலையே மின்சாரம் மீண்டது.

அதன்பின் யாமும் பௌதிகம் பயிலும் எம் நண்பர் ஒருவரும் சிறிய விளக்கொன்றைத் தேடி ரிச்சித் தெருவிற்குப் பன்முறை சென்றோம். அங்கு எந்த விளக்கை எடுத்தாலும் முதலிற் சொல்லப்படுவது அதன் பேரொளி. எத்துணை மணி எரியும் என்று கேட்டால் விடை குழறும். லித்தியம் கலத்தின் கதை இன்னும் வேடிக்கை. 18650 என்னும் அளவுடைய கலம் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. நல்லதில் 3,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை அடங்கும். மேலுறையில் 9,800 என்று அச்சிட்ட கலங்களும் அங்கே மலிந்துள்ளன! மெய்யான கலம் நாற்பத்தைந்து கிராமுக்குக் குறைவது அரிது. எம் தெரு மளிகைக்கடையின் மின்தராசில் அத்தகைய கலமொன்றை இட்டபோது முப்பதைக்கூட எட்டவில்லை. பழைய மடிக்கணினியினின்று பிரித்தெடுத்த கலம் மலிவாயினும், மல்டிமீட்டரில் இரண்டரை வோல்ட்டுக்குக் கீழ் நெடுநாள் கிடந்ததை மீண்டும் ஏற்றலாகாது. உள்ளே செம்பு கரைந்து படிந்து குறுக்கோட்டம் விளைந்து தீப்பற்றும்.

முடிவில் வாங்கிய விளக்கின் டிரைவரில் 7135 என்னும் எண்ணுடைய சில்லுகள் எட்டு இருந்தன. ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியர் விடும். எட்டும் சேர்ந்து 2,800. கணக்கிட்டுப் பார்மின்: 3,000 கொள்ளும் கலம் ஒரு மணிச் சொச்சத்தில் தீர்ந்துவிடும், விளக்கின் உடலும் கைப்பற்றவொண்ணாதபடி சுடும். வேட்டைக்குச் செல்வார்க்கு அஃது ஆகலாம். யாம் ஆறு சில்லுகளைச் சூட்டுக்கோலால் எடுத்துவிட்டு இரண்டை மட்டும் வைத்தோம். ஓட்டம் 700 ஆயிற்று. எரியும் காலம் நான்கு மணிக்கு மேற்பட்டது. மின்னோட்டம் காற்பங்காகக் குறைந்தாலும் ஒளி அவ்வளவு குறையவில்லை. குறைந்த ஓட்டத்தில் எல்.ஈ.டி. சிக்கனமாக ஒளிர்வதே காரணம். பலகையிலுள்ள நுண்செயலி அவ்வொளியை இருபதில் ஒரு பங்காகத் தணிக்கும் நிலையும் தருகின்றது. அந்நிலையில் எழுபது மணிக்குக் குறையாது எரியும். இரவொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்றாலும் ஐந்து இரவு தாங்கும். படியேறவும், மருந்துப் புட்டியின் எழுத்தைப் படிக்கவும் அது போதும். கலம் வற்றுங்கால் திடீரென அவியாது, மங்கி முன்னறிவிப்பது இவ்வகை டிரைவரின் மற்றொரு நற்குணம்.

அதன் எல்.ஈ.டி.யையும் மாற்றினோம். உடன் வந்தது 6,500 கெல்வின் நீலவெள்ளை. அவ்வொளியில் சேற்று நீரும் சிமெண்டுப் படியும் ஒரே சாம்பல் நிறமாய்த் தோன்றின. 4,000 கெல்வின் உடைய ஒன்றை, மூன்றரை மில்லிமீட்டர் சதுரமுள்ளது, பதித்தோம். துணி தேய்க்கும் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைச் சூடாக்கி, ஈயம் உருகும் கணத்தில் இடுக்கியால் மாற்றினோம். (இவ்வேலைக்குப்பின் அப்பெட்டி எம் அன்னையாரின் புடைவைகளை அணுக இசைவு பெறவில்லை.) கண்ணாடியின் உட்புறம் டிரேசிங் தாள் வட்டமொன்று வைத்ததும் கூரிய கற்றை விரிந்து படி முழுதும் பரவிற்று.

இத்துணையும் செய்த பின்னரும் எம் நண்பர் ஒரு தடை எழுப்பினார்: “நான்கு நாள் மின்சாரம் இல்லையேல் லித்தியத்தை எங்கே ஏற்றுவீர்?” அவர் சொல் நேரியதே. பெட்டிக்கடையில் வெள்ளத்தின் நடுவிலும் கிடைப்பது பென்டார்ச் பாட்டரி. ஆயின் அதன் ஒன்றரை வோல்ட்டில் எல்.ஈ.டி. எரியாது, சுருளொன்றின் துணையால் வோல்ட்டை உயர்த்தும் வேறுவகை டிரைவர் வேண்டும். அத்தகைய விளக்கொன்றும் வாங்கினோம். நாட்பட்டால் கசிந்து முனைகளை அரிக்கும் கலங்களை மழைக்குமுன் அதிலிட்டு மறப்பது தகாது. நிக்கல் உலோகக் கலம் அதற்கு ஏற்றது. ஒன்றே எல்லாம் செய்யும் விளக்கைத் தேடுவோர் எம்மோடு மாறுபடலாம். எமக்கோ, ஒரு வீட்டில் இருவகைக் கலமும் இருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலின் மழையில் சில மணி இருள் சூழ்ந்தபோது பாட்டியார் சிறிய விளக்கையே எடுத்தார், பெரியதைத் தொடவில்லை. காரணம் வினவினோம். “இதை ஒருமுறை அமுக்கினால் எரிகிறது, மறுமுறை அமுக்கினால் அணைகிறது. உங்கள் விளக்கு ஐந்து முறை கண் சிமிட்டிய பிறகல்லவா என்ன நினைக்கிறதென்று சொல்கிறது?” என்றார். அக்கண்சிமிட்டு நிலைகளை நீக்கி, பொத்தானை அமுக்கியவுடன் தணிந்த ஒளியிலேயே எரியும்படி நுண்செயலியின் கட்டளையைத் திருத்தி எழுதும் வேலையை நண்பர் மேற்கொண்டுள்ளார். ஐப்பசி பிறக்குமுன் முடிப்பதாக வாக்களித்திருக்கிறார்.