பெரியப்பா கேட்ட கேள்வி

பரவை கண்மாய்க் கரையில் காலை மாலை உலாவுவது என் பெரியப்பாவுக்கு 40 வருஷத்து வழக்கம். அவருடைய 79-ம் பிராயத்தில், வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேன் படத்தில், இடது சிறுநீரகத்தில் 3 சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியொன்று தற்செயலாகத் தென்பட்டது. "புற்றாக இருக்கலாம்" என்ற ஒரே வார்த்தை வீட்டை இரண்டு கட்சியாக்கிவிட்டது.

உடனே ரண சிகிச்சை வேண்டும் என்றான் அண்ணன். இந்த வயதில் கத்தியா என்று கலங்கினாள் பெரியம்மா. நான் அண்ணன் கட்சி. பெரிய சிகிச்சைதான் பெரிய அன்பு என்பது அன்று என் எண்ணம்.

மதுரை வைத்தியர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்தை முழுதும் எடுக்கலாம். ஒன்றைக் கொண்டே மனிதன் வாழ முடியும் என்பதை 1869-ல் ஜெர்மானிய வைத்தியர் குஸ்டாவ் சைமன் செய்து காட்டிவிட்டார். ஆனால் எஞ்சுவது திடமாயிருக்க வேண்டுமல்லவா? பெரியப்பாவுக்கோ நீரிழிவினால் இரண்டுமே தளர்ந்திருந்தன, இருதயமும் பலவீனம். கட்டியை மட்டும் அறுத்தெடுத்தால் சிறுநீரகம் பிழைக்கும். இரத்தப் பெருக்குக்குச் சற்று அஞ்ச வேண்டும். ஊசி செலுத்திக் கட்டியைச் சுட்டோ உறையவைத்தோ அழிப்பது உடலுக்கு இலேசு. கட்டி மீண்டும் தலைகாட்டக்கூடும்.

வயது மட்டுமே தடை என்றும் சொல்வதற்கில்லை. சிறு துளைகளின் வழியாகச் சிறுநீரகத்தை அகற்றும் முறை 1990-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் முதன்முதலாகக் கையாளப்பட்டது 85 வயது மூதாட்டிக்குத்தான். ஆனால் எடுத்த பிறகு, அந்தக் கட்டி புற்றன்று என்று தெரிந்தது!

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா மெதுவாக வாய் திறந்தார்:

"இதை இப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும், டாக்டரய்யா?"

எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது.

"இவ்வளவு சிறிய கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றே அன்று. மற்றவையும் பெரும்பாலும் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டரே வளரும். பரவுவது அபூர்வம், பரவவே பரவாது என்று வாக்களிக்க மாட்டேன். தவறாமல் படமெடுத்துப் பார்ப்போம். வேகமாக வளர்ந்தால் அப்போது ஊசி முறையைச் செய்யலாம்" என்றார் வைத்தியர்.

"எனக்கு அது போதும். எத்தனை நாள் இருப்பேன் என்பதைவிட, இருக்கும் நாளில் கண்மாய்க்கரைக்கு என் காலால் நடந்து போக வேண்டும்."

வயது 60 ஆகி, இருதயமும் திடமாயிருந்தால், கட்டியை அறுத்தெடுப்பதே உசிதமாக இருந்திருக்கும் என்று வைத்தியரே சொன்னார். ஆகவே எங்கள் வழியைப் பிறர் பின்பற்ற வேண்டும் என்று நான் எழுதவில்லை. நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டிய சொல்லை, அன்பின் அவசரத்தில் நாமே சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

வருஷம் மூன்று ஆயிற்று. கட்டி 4 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்திய இரவு எங்கள் வீட்டில் எவரும் உறங்குவதில்லை, பெரியப்பா ஒருவரைத் தவிர.