தோளில் ஒரு வார்

என்.சி.சி. உடையில் எங்களைக் காண்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "துப்பாக்கி ரொம்பக் கனமா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "சுடும்போது பயமாக இருக்காதா?" துப்பாக்கியில் தொங்கும் வாரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நாங்களே சொல்லிவிடுகிறோம். பத்து நாள் முகாமில் எங்களை மிகவும் படுத்தியதும் அந்த வார்தான். எங்களில் ஒருத்தியைக் கைதூக்கி விட்டதும் அந்த வார்தான்.

தேசிய மாணவர் படை 1948-இல் தொடங்கியது. மறு ஆண்டே மாணவியர் பிரிவும் வந்துவிட்டது. ஆகவே, "பெண்பிள்ளைகள் கையில் ரைபிளா!" என்று வியக்கும் பாட்டிமார்கள், தங்கள் காலத்திலேயே அது தொடங்கிவிட்டது என்பதை அறிவார்களாக. எங்களுக்குத் தரப்பட்டது பாயின்ட் டூ டூ ரைபிள். எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு குடம் தண்ணீரோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் குடத்துக்கு இடுப்பு உண்டு. ரைபிளுக்கு வார் மட்டுமே உண்டு.

வாரைத் தொடுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரைபிளின் வாய் ஆளில்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேகஸினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். "இப்போதுதான் பக்கத்தில் இருப்பவள் பார்த்தாள், சார்" என்றால் எங்கள் ஹவில்தார் சார் ஒப்புக்கொள்ளமாட்டார். "அவள் பார்த்தது அவளுக்கு. நீ பார், அம்மா" என்பார். ஒரே காலையில் இருபது முறை பார்த்திருப்போம்.

ரைபிளின் அடியில் இரண்டு உலோக வளையங்கள் இருக்கின்றன. ஒன்று முன்கட்டையில், மற்றொன்று பின்கட்டையில். வாரின் நுனியை வளையத்தில் நுழைத்து, முறுக்கு விழாமல் திருப்பிக் கொண்டுவந்து பக்கிளில் மாட்ட வேண்டும். வெளியே போதிய வால் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் நடக்கும்போதே நழுவிவிடும். பிறகு பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்க்க வேண்டும். தூளி கட்டும் அம்மா, குழந்தையைப் போடுமுன் இரு கைகளாலும் தொங்கிப் பார்ப்பாள் அல்லவா? அதே வேலைதான்.

மாட்டுவது எளிது. நீளம் பார்ப்பதுதான் பெரும்பாடு. அணிவகுப்பில் வார் கட்டையோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். தொங்கினால் கைதட்டும் ஓசைக்குப் பதில் வார் ஆடும் ஓசைதான் கேட்கும். தோளில் மாட்டி நடப்பதற்கோ தளர்த்த வேண்டும். சுடுவதற்கு வேண்டிய அளவு இந்த இரண்டிலும் சேராது. அது ஒவ்வொருத்தியின் கைக்கும் தனி அளவு.

எங்கள் குழுவில் மிகக் குட்டையானவள் ஓர் ஒன்பதாம் வகுப்பு மாணவி. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வாள். படுத்த நிலையில் 25 கஜ தூரத்து இலக்கைக் குறிபார்க்கும்போது, அவளுடைய ரைபிளின் முன்குறி ஊஞ்சல் போல ஆடியது. அவளுக்கு முன் சுட்டவள் ஐந்தே முக்கால் அடி உயரக்காரி. அவள் விட்ட நீளத்திலேயே வார் கிடந்தது. முதல் நாள் மாலை, "எனக்குக் கை எட்டவில்லை. என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள்" என்று அவள் சொன்னாள். அழவில்லை. அதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் ஹவில்தார் சார் வாரை அவிழ்த்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். இடக்கையை வாருக்குள் நுழைத்து, முழங்கைக்கு வெகு மேலே ஏற்றி, பிறகு கையை வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்து முன்கட்டையைத் தாங்க வேண்டும். புறங்கையின்மேல் வார் தட்டையாகப் படியும். அளவு சரியாக இருந்தால் ரைபிளின் பாரத்தை வாரும் எலும்பும் ஏற்றுக்கொள்ளும். தசைக்கு வேலையே இல்லை. தளர்ந்திருந்தால் கைத்தசை தாங்க வேண்டும். தாங்கும் தசை நடுங்கும். மிக இறுக்கினால் விரல் மரத்துப்போகும். மேற்கையின் உட்புறத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. வார் அதை அழுத்தினால் நாடித் துடிப்புக்கு ஏற்ப முன்குறியும் துள்ளும்! நம் இதயத்தை நாமே கண்ணால் பார்ப்பது போலிருக்கும். வாரைச் சற்று வெளிப்புறமாக நகர்த்தினால் துள்ளல் அடங்கும்.

அவள் இறுக்கினாள், படுத்தாள், எழுந்தாள், தளர்த்தினாள். எட்டு முறையாவது இருக்கும். கண்ணை மூடி மூச்சு விட்டுத் திறந்தபோதும் குறி இலக்கிலேயே நின்ற இடத்தில், எங்களுடன் வந்திருந்த சிஸ்டர் தம் தையல் பெட்டியிலிருந்து சாக்கட்டி எடுத்துக் கொடுத்தார். வாரில் ஒரு கோடு போட்டாள். வளரும் பெண்ணின் பாவாடைக்கு டக் பிடிப்பது போல என்று சிஸ்டர் சிரித்தார். அன்றே நாங்கள் எல்லோரும் கோடு போட்டுக்கொண்டோம். ஒவ்வொரு குண்டுக்கும் வாரின் இழுப்பு ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதால் அந்தக் கோடு மிகவும் உதவியது. இழுப்பு மாறினால் குண்டு படும் இடமும் மாறக்கூடும்.

பெரிய போட்டிகளிலும் இதே வார்தான். 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் 469.6 புள்ளிகளோடு உலக சாதனை படைத்துத் தங்கம் வென்ற பஞ்சாப் மாணவி சிஃப்ட் கௌர் சம்ராவும் மண்டியிட்டும் படுத்தும் சுடும்போது வாரைப் பயன்படுத்தலாம். நின்று சுடும்போது விதி அனுமதிப்பதில்லை. நின்ற நிலை ஏன் கடினம் என்று இப்போது எங்களுக்கு நன்றாகப் புரிகிறது.

முகாமின் கடைசித் தேர்வில் எங்கள் குட்டைத் தோழியின் ஐந்து குண்டுகளும் ஒரு தீப்பெட்டியால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன. நடுவில் அல்ல, சற்று இடப்பக்கமாக. "கூட்டமாக விழுந்தால் போதும், நடுவுக்குக் கொண்டுவருவது என் வேலை" என்றார் ஹவில்தார் சார். ஐந்தே முக்கால் அடிக்காரியின் தாளைப் பற்றி இங்கே எழுதக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

ரைபிள்களை ஒப்படைக்குமுன் வார்களைத் தளர்த்தி, சாக்கட்டிக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தோம். மறுநாள் வேறொரு பள்ளியின் மாணவிகள் வருவதாக இருந்தது.