வண்டி ரோட்டோரம்... நடை வரப்போரம்!

"மச்சி, இந்த சண்டே ட்ரெக்கிங்!" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன் கொளுத்திப் போட, கொல்லிமலை, ஏலகிரி, ஏற்காடு என்று மலை மலையா வந்து விழுந்தது. கடைசியா ஒரு புண்ணியவான் கேட்டான்: "பெட்ரோலுக்கு யாருடா காசு?" அவ்ளோதான், குரூப் கப்சிப்!

அப்படித்தான் பாஸ், மலை ஏறக் கிளம்பிய நாங்க நாலு பேர், ரெண்டு பைக்கில் மரக்காணம் உப்பளத்தில் போய் இறங்கினோம். புதுச்சேரியில் இருந்து சுமார் 35 கிலோமீட்டர். சென்னைப் பசங்களுக்கு ஈ.சி.ஆரில் 120 கிலோமீட்டர் வரும். மலை இல்லையேனு கவலைப்படாதீங்க... வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல்கள் இருக்கு. அதுல மட்டும் ஏறிடாதீங்க!

நாங்க செஞ்ச தப்பு

காலை ஆறரை மணி. பாத்தித் தண்ணியில் சூரியன் மின்னுது. 'பைக்கோட ஒரு போட்டோ எடுத்தா செம லைக்ஸ் அள்ளும்'னு வண்டியை நேரா வரப்பு மேல ஏத்தி, சைடு ஸ்டாண்ட் போட்டேன். அடியில் இருந்தது களிமண். ஸ்டாண்ட் மெதுவா உள்ள இறங்க, வண்டி சாய, வரப்பு 'சரக்'னு ஒரு முழம் உடைஞ்சுபோச்சு. ஒரு பாத்தித் தண்ணி அடுத்த பாத்திக்கு ஓடுது. நாலு இன்ஜினீயர்களும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னோம்.

வேலை பார்த்துட்டு இருந்த ஒரு அக்கா ஓடி வந்து, கையாலேயே மண்ணை அள்ளி அடைச்சாங்க. திட்டவே இல்லை. "இன்னா தம்பி, ரெண்டு நாள்ல வார வேண்டிய உப்பாச்சே..." என்றார். அதுக்குத் திட்டே வாங்கியிருக்கலாம்!

விஷயம் இதுதான். ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கு. பாமே அளவில் சொன்னா 3 டிகிரி. அதைப் பாத்தி பாத்தியா நகர்த்தி, வெயிலில் காயவிட்டு, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தாதான் உப்பு பூக்கும். நான் உடைச்ச வரப்பு வழியா, காயாத தண்ணி போய்க் காய்ஞ்ச தண்ணியில் கலந்துடுச்சு. இனி அந்தப் பாத்தி மறுபடி வெயிலுக்குக் காத்திருக்கணும். லேபில் ஹைட்ரோமீட்டர் பிடிச்சப்ப புரியாதது, அந்த வரப்புல நின்னப்ப நல்லாவே புரிஞ்சது.

அக்கா சொல்லச் சொல்ல, நாங்களும் ஒரு மணி நேரம் மண் சுமந்து வரப்பைக் கட்டினோம். அங்கே கத்துக்கிட்டது உங்களுக்காக...

வண்டியை எங்கே விடுறது?

வரப்பு பார்க்கிங் ஏரியா இல்லை. ஊருக்குள் டீக்கடை, ஹோட்டல் பக்கத்தில் கேட்டுட்டு விடுங்க. ஒரு டீ குடிச்சா நியாயமும் ஆச்சு. ரோட்டோரமா நிறுத்தினா, வளைவுலயும் பாலத்துலயும் வேண்டவே வேண்டாம். அந்த ரோட்டில் பஸ்ஸும் லாரியும் பறக்கும். உப்பு ஏத்துற லாரி திரும்புற வாயை அடைக்காதீங்க. ஈர மண்ணுனா ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லோ பலகையோ வைங்க. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் வண்டியைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்க. உப்புக்காத்து இரும்பை விடாது!

இன்னொண்ணு, மரக்காணம் - புதுச்சேரி நான்குவழிச் சாலைத் திட்டத்துக்கு 2025 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கு. அதனால இன்னிக்கு நிறுத்தின இடம் நாளைக்கும் இருக்கும்னு நம்பாதீங்க.

எந்த வழியில் நடக்கிறது?

லாரி போற அகலமான மண்பாதைதான் உங்க பாதை. பாத்திக்கு நடுவில் ஓடுற ஒல்லி வரப்பு வேலை செய்றவங்களுக்கு. பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. அந்தத் தரையை நாள்கணக்கில் காலால் மிதிச்சு மிதிச்சுத்தான் இறுக்கியிருக்காங்க. உங்க ஒரு ஷூ தடம் போதும், சேறு கலந்து உப்பு பழுப்பாயிடும். உள்ளே போறதுக்கு முன்னாடியும், யாரையாவது போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடியும் ஒரு வார்த்தை கேளுங்க.

எப்போ போறது?

ஜனவரி கடைசியில் இருந்து கோடை வரை, காலை ஆறு முதல் ஒன்பது வரை பெஸ்ட். அப்புறம் வெயில் மேலே இருந்தும் அடிக்கும், வெள்ளைத் தரையில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தொப்பி, கூலிங் கிளாஸ், ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கட்டாயம். அக்டோபரில் மழை பிடிச்சா உப்பு வேலை நின்னுடும். அந்த மாசங்களில் வருமானம் இல்லாத தொழிலாளர்களுக்காகத்தான் 2022-ல் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பிச்சது.

பக்கத்தில் என்ன இருக்கு?

கழுவேலி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். சைலன்ஸர் சத்தத்தை அங்கே காட்டாதீங்க. வடக்கே கடப்பாக்கம் பக்கம் போனா, பிரெஞ்சுக்காரங்க கையில் இருந்து 1760-ல் பிரிட்டிஷார் பறிச்ச ஆலம்பரைக் கோட்டையின் மிச்சம் கடலைப் பார்த்து நிக்குது.

'எனக்கு மலைதான் வேணும்'னு அடம்பிடிக்கிறவங்க, திண்டிவனம் வழியா செஞ்சிக்கு விடுங்க வண்டியை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடிச்ச கோட்டை. வண்டியை அடிவாரத்தில் விட்டுட்டு, ராஜகிரிப் படிகளில் காலையிலேயே ஏற ஆரம்பிச்சுடுங்க.

போன மாசம் மறுபடி மரக்காணம் போனேன். தூரத்தில் இருந்தே அந்த அக்கா அடையாளம் கண்டுபிடிச்சுட்டாங்க. வணக்கம் எல்லாம் இல்லை. முதல் கேள்வியே, "வண்டி எங்க தம்பி?"

"ரோட்டுல அக்கா... டீக்கடையாண்ட."

"அப்ப வா!" என்று சிரித்தார்.