தேசம் முடியும் இடத்தில் ஒரு ஆகஸ்ட் 15

காலை ஆறரை மணி. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் சட்டையில் குட்டிக் கொடி. ஏறுகிற பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒன்று. வெள்ளைச் சீருடை, தலையில் எண்ணெய், கொடியேற்றம் முடிந்ததும் கிடைக்கப்போகும் மிட்டாய் பற்றிய பேச்சு. உச்சிப்புளி தாண்டும்போது கடற்படை விமான தளமான ஐ.என்.எஸ். பருந்து பக்கம் பாதுகாப்பு கெடுபிடி. அதைத் தவிர எந்த ஊரிலும் இருக்கும் ஆகஸ்ட் 15 போலத்தான் இருந்தது.

மண்டபத்தில் இறங்கிக்கொண்டேன். இங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே 'மண்டபம் கேம்ப்' என்றுதான் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய முகாம் இது. போன அதே மக்களில் பலர் பிறகு இதே வழியாகத் திரும்பி வந்தார்கள். 1948 பிப்ரவரி 4-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்கள் வேறு. இப்போது இதற்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர்.

முகாமுக்கு வெளியே டீக்கடையில், முன்பே பழக்கமான ஒரு பெண்ணைச் சந்தித்தேன். பக்கத்தில் நான்காம் வகுப்பு படிக்கும் மகள், கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குக் கிடைத்த முதல் பரிசு.

"தலைப்பு என்னம்மா?"

"நாட்டுக்கு உழைத்த நல்லவர்கள்."

"எழுதிக் குடுத்தது நான்தான் அண்ணா" என்றார் அம்மா பெருமையாக.

அவருடைய பெற்றோர் 1985-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அக்கா 1986-ல் இங்கே பிறந்தார். இவர் பிறந்தது 1988. இந்த இரண்டு வருஷ இடைவெளியில்தான் எல்லாமே இருக்கிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர் யாரானாலும் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்திருந்தால் அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. இதே மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்தபடி பாஸ்போர்ட் கேட்டு வழக்குப் போட்டார். 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்குச் சில நாள் முன்னால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலில் தன் முதல் ஓட்டைப் போட்டார். அப்போது அவருக்கு 38 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

"அக்காவும் மனு குடுத்திருக்கா. கிடைச்சா அக்கா இந்தியா, நான் சிலோன். ஒரே வயித்துப் பிள்ளைகள்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியூர் போய்த் தங்கவேண்டும் என்றால் இன்றைக்கும் முகாம் அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அவர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டும் என்ற ஆசையும் பெரிதாக இல்லையாம்.

"பதினைஞ்சாம் தேதின்னா உங்களுக்கு என்ன தோணும்?" என்று கேட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று பட்டது.

"கொடியைப் பாத்தா நெஞ்சு நிமிருது அண்ணா. பழக்கம்தானே. சின்ன வயசுல இருந்து பாடுற பாட்டு. வேற பாட்டு எனக்குத் தெரியாது."

அடுத்த பஸ். பாம்பன் பாலத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம் எழுந்தார்கள். 1914-ல் கட்டிய பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தில் இறங்க முடியாத அளவுக்குக் கூட்டம். விடுமுறை நாளில் அங்கே போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் நங்கூரம் போட்டு வரிசையாகக் கிடந்தன. ஏறக்குறைய எல்லாப் படகிலும் தேசியக் கொடி. சுதந்திர தினத்துக்காகக் கட்டினார்களா என்று, வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"இல்லண்ணே. எங்களுக்குக் கடலுக்குப் போற நாளெல்லாம் கொடிதான். காத்துல கிழிஞ்சுபோகும், மாத்திக்கிட்டே இருக்கணும்."

டோக்கன், அடையாள அட்டை, படகு ஆவணம், கொடி. இந்தியர் என்று நிரூபிக்கும் எல்லாம் அவரிடம் இருக்கிறது. முகாமில் இருப்பவர்கள் ஏங்கும் காகிதம் இவர் சட்டைப்பையில், பிளாஸ்டிக் கவரில். ஆனால் 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கோடு கச்சத்தீவுக்கு இந்தப் பக்கமே ஓடுகிறது. அதைத் தாண்டிப் பிடிபட்டால் சிறை. படகு திரும்புவது அபூர்வம். அவருடைய மச்சான் இரண்டு முறை யாழ்ப்பாணம் சிறையில் இருந்துவிட்டு வந்திருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் இழுவை மடிகள் கடலடியை வாரிக்கொண்டு போவதாகக் குறை சொல்பவர்கள் அந்தக் கரையில் இருக்கும் தமிழ் மீனவர்கள்தான். இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அவங்க வயித்தெரிச்சலும் நியாயம்தான். கடன் வாங்கி இந்தப் படகை வாங்கிட்டேனே, என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார்.

மதியம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர், அதைச் சுற்றிச் சங்குக் கடைகள். புயலுக்கு முன்பு எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போட் மெயிலில் இங்கே வந்து, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்புக்குப் போய்விடலாம். இரண்டு நாடுகளும் சுதந்திரம் அடைந்த பிறகும் பல வருஷம் அந்தக் கப்பல் ஓடியது.

அரிச்சல்முனையில் சாலை ஒரு வட்டமாக வளைந்து முடிகிறது. நடுவில் நான்கு சிங்கத் தூண். கன்னத்தில் மூவர்ணம் வரைந்த பிள்ளைகள், செல்ஃபி எடுக்க வரிசை. எதிரே கடல்தான். தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது.

காலையில் விடைபெறும்போது மண்டபத்துப் பெண் ஒன்று சொல்லியிருந்தார். அவர் அப்பா படகிலிருந்து இறங்கியது இந்தப் பக்கத்து மணலில்தானாம். மண்டபத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ் இருக்கிறது. ஆனாலும் அவர் சாகும்வரை ஒருநாள்கூட இங்கே திரும்பி வரவில்லை.

ஐந்து மணி நெருங்கியதும் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் கிளப்பினார். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ராமேஸ்வரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.