மண்ணுக்கு மூடாக்கு போட்டேன்... மண்டைக்கு?

எனக்கு 31 வயதில் முடி கொட்ட ஆரம்பித்தது. 35 ஆவதற்குள் உச்சி முழுக்க வெளியே வந்துவிட்டது. இப்போது வயது 58. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம், பிடரியில் ஒரு வரி, அவ்வளவுதான் மிச்சம். ஊரில் எனக்கு இருக்கும் பட்டப்பெயரை நான் எழுத வேண்டியதில்லை. நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

குளித்தலைப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் பூவன் வாழை. வீட்டிலிருந்து தோட்டம் நாலு கிலோமீட்டர். மொபெட் ஓட்டத் தெரியும். ஆனாலும் வாய்க்கால் கரையில் சைக்கிள்தான் எனக்குத் தோது. காலையில் தோட்டம், அங்கிருந்து இலைக்கட்டோடு மண்டி, வீடு, சாயங்காலம் மறுபடி தோட்டம் என்று ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டருக்குக் குறையாது. இத்தனை வருஷமும் வெறுந்தலையோடுதான் மிதித்தேன்.

துண்டு இல்லாமல் இல்லை. எப்போதும் தோளில் கிடக்கும். தலையில் கட்ட மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. முடி கொட்டிய புதிதில் ஒரு நாள் தலைப்பாகை கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ‘‘மாப்ள சொட்டைய மறைக்கிறாரு டோய்’’ என்று ஒருவர் சொல்ல, கடையே சிரித்தது. அன்றைக்குக் கழற்றிய தலைப்பாகைதான். ‘எனக்கு ஒன்றும் வெட்கமில்லை’ என்று காட்டுவதற்காகவே 20 வருஷத்துக்கு மேல் வெயிலில் மண்டையைக் காயவிட்டேன். யோசித்துப் பார்த்தால், அதுதான் பெரிய வெட்கம்.

தோட்டத்துக்கு ஒரு நியாயம், தலைக்கு ஒரு நியாயம்

என் தோட்டத்தில் வெறும் மண்ணைப் பார்க்க முடியாது. கழித்த இலை, உரித்த சருகு எல்லாம் வரிசைக்கு நடுவில் மூடாக்காகக் கிடக்கும். மூடாக்கு இருந்தால் மண் கொதிக்காது, ஈரம் ஓடாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். தார் தள்ளிய மரத்தில் காம்பு வெயிலில் வெந்துபோகாமல் இருக்க, இலையை மடக்கிப் போட்டு மூடுவேன். தாரின் காம்புக்கு இவ்வளவு பார்க்கிறவன், தன் மண்டைக்கு ஒரு முழத் துணி போடவில்லை.

மதகு மேட்டில் விழுந்தேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், கத்திரி தொடங்கிய வாரம். கரூர் பரமத்தியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியதாகச் செய்தியில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். இலை அறுத்து முடிக்கத் தாமதமாகிவிட்டது. மண்டிக்குக் கிளம்பும்போது மணி 11. காலையில் தலைக்கு நன்றாகத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். எண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்பது என் நம்பிக்கை.

மதகு மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது, எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து நெற்றியில் வழிந்து இரண்டு கண்ணிலும் இறங்கியது. மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி எரிச்சல். ஒரு கையால் கண்ணைத் துடைத்தேன். முன் சக்கரம் கல்லில் ஏறியதுதான் தெரியும். சைக்கிளும் நானும் இலைக்கட்டும் காய்ந்த வாய்க்காலுக்குள் கிடந்தோம்.

முழங்கால் சிராய்ப்பு, மணிக்கட்டில் வீக்கம். இலை பாதிக்கு மேல் கிழிந்துவிட்டது. கிழிந்த இலையை யார் வாங்குவார்கள்? அன்றைய வருமானம் ஆடுகளுக்குப் போனது. அந்த நேரம் எதிரில் ஒரு டிராக்டர் வந்திருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சொரசொரப்பு

அன்றைக்குச் சாயங்காலம் காயத்துக்கு மருந்து போடும்போது என் மனைவி உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். ‘‘ஏங்க, இங்க என்ன உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு?’’ என்றாள். மோட்டார் கொட்டகை நிலையில் இடித்துக்கொண்ட காயம் என்றேன். ‘‘இடிச்சு எத்தன நாளு?’’ என்று கேட்டாள். யோசித்தேன். பொங்கலுக்கு முன்பே இருந்தது. பொருக்கு உதிரும், மறுபடி வரும். நாலைந்து மாதமாக ஆறாத காயம்.

திருச்சியில் படிக்கும் மகள் விடவில்லை. ‘‘அப்பா, மாட்டுக்கு இப்படி இருந்தா அன்னைக்கே டாக்டரக் கூப்பிட்டிருப்பீங்க’’ என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

தோல் மருத்துவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ‘‘ஐயா, தலையில எதுவும் கட்டுறதில்லையா?’’ என்பதுதான் முதல் கேள்வி. வருஷக்கணக்காக வெயில் பட்டுப் பட்டுத் தோல் கெட்டுப்போயிருக்கிறது, கறுத்த தோலுக்குத் தாங்கும் சக்தி கூடுதல்தான், அதற்காக ஒன்றும் வராது என்று இருந்துவிடக் கூடாது என்றார். சின்னதாகத் தோலைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர பத்து நாள்.

அந்தப் பத்து நாளும் தண்ணீர் கட்டினேன், களை எடுத்தேன், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ராத்திரியில் மட்டும் கை தானாக உச்சிக்குப் போகும். மகள் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம், கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் என்று கணக்கு ஓடும். டீக்கடைச் சிரிப்புக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று இருந்தது.

முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால், அப்படியே விட்டால் சில பேருக்கு அந்தப் பக்கம் திரும்பக்கூடிய வகை. குளிரவைத்துக் கருக்கிவிடலாம் என்றார் மருத்துவர். எதை வைத்து என்று கேட்டேன். திரவ நைட்ரஜன். நம் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளைப் போட்டு வைத்திருக்கும் அதே மைனஸ் 196 டிகிரி சரக்குதான்! சில விநாடி சுரீர் என்றது. கொப்புளம் வந்து, பொருக்கு கட்டி, மூன்று வாரத்தில் உதிர்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

முடி செய்த இரண்டு வேலை

முடி அழகுக்கு மட்டும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. ஒன்று, வெயிலைத் தடுக்கிறது. இரண்டு, வேர்வையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது. முடி போனால் வேர்வைக்குத் தடுப்பணை இல்லை. வழுக்கையில் இறங்கும் வேர்வை நேராகப் புருவத்துக்கு வரும். அதையும் மீறினால் உப்போடு கண்ணுக்குள் போகும். ஆகவே, தலையில் எதைப் போட்டாலும் இந்த இரண்டு வேலையையும் அது செய்ய வேண்டும். மூடாக்கு செய்வதும் இதே வேலைதானே?

சைக்கிளில் இன்னொரு விஷயம் உண்டு. ஓடும்போது காற்று பட்டு வேர்வை காய்ந்துகொண்டே இருக்கும், வெயில் உறைக்காது. இறங்கி நின்றதும் ஊற்று மாதிரி கொட்டும். ‘காத்து ஜிலுஜிலுன்னு வருது, வெயில் தெரியல’ என்று நாம் ஏமாறுவது இங்கேதான். வெயில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

எதை எதைப் போட்டுப் பார்த்தேன்

முதலில் கடையில் இலவசமாகக் கொடுத்த தொப்பி. நைலான் துணி, உள்ளே ஆவி பறந்தது. வேர்வையைத் துளி கூட உறிஞ்சவில்லை. காதும் பிடரியும் வெளியேதான். அடுத்து பனையோலைத் தொப்பி. களை எடுக்க, தண்ணீர் கட்ட அதைப்போல நிழல் வேறில்லை. சைக்கிளுக்கு ஆகாது. எதிர்க்காற்றில் பட்டம் மாதிரி பறந்து இரண்டு முறை வாய்க்காலில் மிதந்தது.

கடைசியில் தோளில் கிடந்த பருத்தித் துண்டுக்கே வந்து சேர்ந்தேன். கட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது.

துண்டைத் தண்ணீரில் முக்கி, சொட்டாத அளவுக்கு இறுகப் பிழிய வேண்டும். நனைந்த மெல்லிய துணி வெயிலை இன்னும் அதிகமாக உள்ளே விடும். அதனால் இரட்டையாக மடித்துக்கொள்ள வேண்டும். நெற்றி ஓரத்தை மூன்று மடிப்பாகச் சுருட்டி, புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்துக் கட்டினால், அதுதான் வேர்வைக்கு வரப்பு. முனைகளைப் பின்னால் மாற்றிச் செருகி, ஒரு சாண் துணியைப் பிடரியில் தொங்கவிடலாம். அதற்கு மேல் நீளமாகத் தொங்கவிடாதீர்கள், சக்கரத்தில் சிக்கும். காதை இறுக்கி மூடாதீர்கள், பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும்.

ஈரம் காயும்போதுதான் குளிர்ச்சி. சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். மோட்டார் தொட்டியில் மறுபடி நனைத்துக்கொள்வேன். கடலோர மாவட்டங்களில் காற்றே ஈரமாக இருப்பதால் துண்டு சீக்கிரம் காயாது, குளிர்ச்சியும் குறைவுதான். அங்கே காய்ந்த துண்டு இரண்டு வைத்துக்கொண்டு மாற்றிக் கட்டுவது நல்லது. எந்த ஊராக இருந்தாலும் அன்றாடம் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அழுக்குத் துண்டை ஈரத்தோடு கட்டினால் படையும் வேர்க்குருவும்தான் மிஞ்சும்.

நேரத்தையும் மாற்றினேன். விடியும் முன் இலை அறுத்து, 9 மணிக்குள் மண்டியில் இறக்கிவிடுகிறேன். கடிகாரம் இல்லாவிட்டாலும் நிழல் சொல்லிவிடும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் அது கடுமையான வெயில்.

மருந்தடிக்கிற துண்டு வேறு

உழவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். பூச்சிக்கொல்லி தெளித்த கையைத் துடைத்த துண்டை அப்படியே தலையில் கட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முன்கைத் தோலைவிட உச்சந்தலையும் நெற்றியும் மூன்று மடங்குக்கும் மேல் மருந்தை உறிஞ்சும். நானும் ஒரு காலத்தில் தெளித்தவன்தான். தெளிக்கிறவர்கள் அதற்குத் தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு...

‘‘வெயில் கிரீம் தடவலாமா?’’

தடவலாம். ‘எஸ்.பி.எஃப் 30’ அல்லது அதற்கு மேல் போட்டதாக வாங்குங்கள். கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பு தடவ வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். வேர்வையில் கரைந்து கண்ணில் இறங்கினால் எரியும். அதனால் நான் நெற்றியைத் துண்டுக்கு விட்டுவிட்டு, காது, பிடரி, கன்னத்துக்கு மட்டும் தடவுகிறேன். தேங்காய் எண்ணெய் இதற்கு ஈடாகாது, நான் பட்டது போதும்.

‘‘மகன் சைக்கிள் ஹெல்மெட் போடுகிறான். அது போதுமா?’’

அடிபடாமல் காக்கும். ஆனால், காற்றுக்காக விட்ட ஓட்டை வழியாக வெயில் இறங்கும், வழுக்கைத் தலையில் வரி வரியாகக் கருக்கும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சுருக்கமில்லாமல் கட்டி, அதன் மேல் போடச் சொல்லுங்கள். துணி தடித்தால் ஹெல்மெட் சரியாக உட்காராது.

‘‘தலையை மூடினால் போதுமா?’’

போதாது. உள்ளே தண்ணீர் வேண்டும். காலையில் உப்புப் போட்ட நீராகாரம், வழியில் ஒரு பாட்டில் நீர்மோர் என்று வைத்திருக்கிறேன். தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே இறங்கி நிழலில் உட்காருங்கள். பேச்சுக் குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ தாமதிக்கக் கூடாது. உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

‘‘எப்போது டாக்டரிடம் காட்டுவது?’’

தலையிலோ காதிலோ ஒரு மாதமாக ஆறாத புண், உதிர்ந்து உதிர்ந்து வரும் பொருக்கு, ரத்தம் கசியும் மச்சம் எதுவாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். நம் உச்சந்தலை நமக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை அந்தச் சோதனை நடக்கிறது.

தலைப்பாகையோடு மறுபடி டீக்கடைக்குப் போன அன்று, அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர் இருந்தார். இப்போது அவருக்கும் முன்னந்தலை காலி. ‘‘என்ன மாமா, மறுபடி மறைக்க ஆரம்பிச்சிட்டீங்களா?’’ என்றார். துண்டை அவிழ்த்து, தலையைக் குனிந்து, கருக்கிய தழும்பைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் வாய்க்கால் கரையில் எனக்கு எதிரே அவர் சைக்கிளில் வந்தார். தலையில் துண்டு. கட்டு சரியில்லை, காதை மூடியிருந்தது. நிறுத்தி, அவிழ்த்து, நானே கட்டிவிட்டு அனுப்பினேன்.