பெயருக்குப் பத்து வெள்ளி

தெமியாங்கிலிருந்து கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட் வரை போய்ப் போலி ரேபான் கருப்புக் கண்ணாடி வாங்கி வருகிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அசலில் பெயருக்கும் சேர்த்துத்தானே விலை என்கிறார்கள், நியாயம்தான். ரேபானை 1999-இலும் ஓக்லியை 2007-இலும் வாங்கியது லக்சோட்டிகா என்ற ஒரே நிறுவனம். போட்டி என்று நாம் நினைத்தது அண்ணன் தம்பி வியாபாரம்! ஆனால் பெயருக்குக் காசு தரமாட்டேன் என்கிறவர், போலியில் அதே பெயருக்குத்தானே பத்து வெள்ளி கூடுதலாகத் தருகிறார்?

கண்ணுக்கு வேண்டியது 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வில்லை. ‘யுவி400’ என்பது அதுதான். கருமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தடுப்பில்லாத கருப்புக் கண்ணாடி போட்டால், இருட்டென்று நம்பிக் கண்மணி விரியும், கதிர் தாராளமாக உள்ளே நுழையும். மலிவானதெல்லாம் மோசமா? இல்லை. பாலிகார்பனேட் வில்லை இயல்பிலேயே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பிரச்சினை வேறு: பெயரையே போலியாக அச்சடித்தவர் ஒட்டிய ‘யுவி400’ ஸ்டிக்கரை எதை வைத்து நம்புவது? செம்பனைக் குலை அறுக்க நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிறவர், பெயரில்லாத கண்ணாடியை மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கலாம். யுவி அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் கடையென்றால், வில்லையை அதில் வைத்துக் காட்டச் சொல்லலாம். ஒரு நிமிட வேலை.